ஈதர்நெட் மேல் ஈ1: எந்த அறிகுறிக்கு எங்கே கை வைப்பது

ஈ1 லைனை (பல தொலைபேசிப் பேச்சுகளை ஒன்றாகச் சுமக்கும் டிஜிட்டல் லைன்) பாக்கெட்டாக நறுக்கி ஈதர்நெட்டில் அனுப்பி, மறுமுனையில் மறுபடி ஈ1 ஆகவே இறக்கிவைக்கும் பெட்டிகளோடு மல்லுக்கட்டிச் சேர்ந்த குறிப்புகள் இவை. பெட்டியின் மேல் எந்த கம்பெனி பெயர் இருந்தாலும் உள்ளே ஓடுவது பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். ஈ1-இன் 2.048 மெகாபிட்டையும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் அப்படியே சுமப்பது சாட்டாப், அதாவது ஆர்எஃப்சி 4553 என்ற தரநிலை. வேண்டிய டைம்ஸ்லாட்டை (ஒரு சேனலுக்கு ஒதுக்கிய நேரத்துண்டு) மட்டும் பொறுக்கி எடுத்துச் சுமப்பது செசோபிஎஸ்என், ஆர்எஃப்சி 5086. இதை ஐபி மேல் ஓட்டலாம், எம்இஎஃப் 8 தரநிலை சொல்கிறபடி நேராக ஈதர்நெட் மேலும் ஓட்டலாம். உள்ளே ஓடுவது ஒன்றே என்பதால் பழுதும் எங்கே போனாலும் ஒரே மாதிரிதான் வருகிறது.

கீழே ஒரு முனையை எக்ஸ்சேஞ்ச் முனை என்றும், மற்றதை பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி எக்ஸ்சேஞ்ச்) முனை என்றும் சொல்கிறேன். உங்கள் இடத்தில் பிபிஎக்ஸுக்குப் பதில் மொபைல் டவர் பெட்டியோ, பல லைனை ஒன்றாக்கும் மக்ஸோ இருக்கலாம்; பார்க்கும் முறை மாறாது.

கை வைப்பதற்கு முன்

இரண்டு முனைகளின் கன்ஃபிகரேஷனையும் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். கவுண்டர்களைப் பூஜ்யமாக்கிவிட்டு மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். "பிழை 48,212" என்று திரையில் இருந்தால் அது போன வருடத்துப் பிழையா, இன்று காலை வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பூஜ்யமாக்கிய பின் 15 நிமிடத்தில் எவ்வளவு ஏறுகிறது என்பதுதான் கணக்கு.

இன்னொன்று: "பிங் போகுது சார், நெட்வொர்க் நல்லா இருக்கு" என்பதை நம்பவே வேண்டாம். நீங்கள் பிங் செய்வது பெட்டியின் மேலாண்மை ஐபியை. அது வேறு விலானில் (ஒரே நெட்வொர்க்குக்குள் பிரித்த தனிப் பாதை), வேறு முன்னுரிமையில், நொடிக்கு ஒரு பாக்கெட்டாகப் போகிறது. ஈ1 போவது நொடிக்கு 1000 பாக்கெட். ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை.

## அறிகுறி 1: ஈ1 போர்ட்டில் சிவப்பு, எல்ஓஎஸ் அலாரம்

சிக்னலே வரவில்லை என்கிறது பெட்டி. இதற்கும் ஈதர்நெட்டுக்கும் தொடர்பு இல்லை. சுவிட்ச் பக்கம் போகாதீர்கள்.

முதலில் கேபிள். ஆர்ஜே45 முனை கொண்ட ஈ1 கேபிளில் 1, 2 ஒரு ஜோடி, 4, 5 ஒரு ஜோடி. இரண்டு கருவிகளை நேராக இணைக்கும்போது 1 போய் 4-இலும், 2 போய் 5-இலும் சேர வேண்டும். அவசரத்துக்குப் பையிலிருக்கும் ஈதர்நெட் கிராஸ் கேபிளை எடுத்துச் செருகுபவர்கள் உண்டு. அது 1-ஐ 3-க்கும் 2-ஐ 6-க்கும் மாற்றும். ஈ1-க்கு அது உதவாது.

கோஆக்ஸ் கேபிளாக இருந்தால் இரண்டு கம்பியையும் இடம் மாற்றிப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கத்து அனுப்பும் முனை எந்தப் பக்கத்துப் பெறும் முனைக்குப் போகிறது என்பதில் லேபிள் ஒட்டியவரும் லேபிள் படிப்பவரும் ஒத்துப்போவது அபூர்வம்.

அதற்கும் போகவில்லையா? லூப் பிளக் வேண்டும். பழைய ஆர்ஜே45 பிளக் ஒன்றில் ஒரு விரற்கடை கம்பியால் 1-ஐ 4-உடனும், மற்றொன்றால் 2-ஐ 5-உடனும் சேர்த்து அழுத்திவிட்டால் லூப் பிளக் தயார். சாவிக்கொத்தில் ஒன்று தொங்குகிறது எனக்கு. அதைப் பெட்டியின் ஈ1 போர்ட்டில் நேராகச் செருகுங்கள்.

எல்ஓஎஸ் அணைகிறதா? போர்ட் நன்றாக இருக்கிறது. கேபிள், அல்லது மறுபுறமுள்ள பிபிஎக்ஸ் கார்டு. லூப் பிளக்கை கேபிளின் அந்தக் கடைசியில் ஒரு கப்ளர் வைத்துச் செருகினால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

அணையவில்லையா? போர்ட்டை முதலில் கன்ஃபிகரேஷனில் திறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், இதற்காக ஏணி ஏறியிருக்கிறேன். திறந்திருந்தும் அணையவில்லை என்றால் போர்ட் போய்விட்டது. இடி மழைக்கு அடுத்த நாள் இப்படி வந்தால் ஆச்சரியமே இல்லை. கட்டடத்துக்கு வெளியே ஓடும் செம்புக் கம்பி எதுவானாலும் சர்ஜ் பாதுகாப்பு வேண்டும், பெட்டியின் எர்த்தும் ரேக்கின் எர்த்தும் ஒன்றாக இருக்க வேண்டும். பக்கத்துப் போர்ட் காலியாக இருந்தால் அதற்கு மாற்றிவிட்டு, கார்டை சர்வீஸுக்கு அனுப்புங்கள். ஈ1 போர்ட்டின் உள்ளே நாம் சரிசெய்ய எதுவும் இல்லை.

எல்ஓஎஸ் இல்லை, ஆனால் பிழை மட்டும் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது என்றால் 75 ஓம், 120 ஓம் குழப்பத்தைப் பாருங்கள். கோஆக்ஸ் 75, ஜோடிக் கம்பி 120. சில பெட்டிகளில் இதை ஜம்பரில் மாற்ற வேண்டும், சிலவற்றில் மென்பொருளில். தவறாக இருந்தாலும் குட்டைக் கேபிளில் வேலை செய்துவிடும். கேபிள் நீளமானால்தான் வேஷம் கலையும்.

## அறிகுறி 2: ஈ1-உம் பச்சை, ஈதர்நெட்டும் பச்சை, ஆனால் சூடோவயர் எழவில்லை

சூடோவயர் என்பது இரண்டு பெட்டிக்கும் நடுவே ஈ1-ஐச் சுமக்கும் பாக்கெட் இணைப்பு. இரண்டு முனைக் கன்ஃபிகரேஷனையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். திரையில் மாறிமாறிப் பார்த்தால் கண்ணுக்குத் தப்பிவிடும். ஒப்பிட வேண்டியவை:

- வகை: ஒரு முனை சாட்டாப், மறுமுனை செசோபிஎஸ்என் என்று இருக்கக் கூடாது.
- பேலோடு (ஒரு பாக்கெட்டில் போகும் ஈ1 தரவு) அளவு: ஈ1 சாட்டாப்பில் இயல்பாக 256 பைட். ஒன்றில் 256, மற்றதில் 128 என்று இருந்தால் பாக்கெட் வந்து சேரும், பெட்டி அதைத் தூக்கி எறிந்துவிடும். "தவறான வடிவ பாக்கெட்" என்ற கவுண்டர் நொடிக்கு ஆயிரக்கணக்கில் ஏறினால் இதுதான்.
- ஆர்டிபி தலைப்பு (பாக்கெட்டில் நேரக்குறி சுமக்கும் கூடுதல் தலைப்பு): ஒன்று இரண்டிலும் இருக்க வேண்டும், அல்லது இரண்டிலும் இல்லாமல் இருக்க வேண்டும்.
- அடையாள எண்: இங்கே வெளியே போகும் எண், அங்கே உள்ளே வரும் எண். இது குறுக்காகப் பொருந்த வேண்டும். இரண்டு முனையிலும் ஒரே மாதிரி காப்பி அடித்துப் போட்டுவிட்டு, எல்லாம் ஒன்றாகத்தானே இருக்கிறது என்று உட்கார்ந்திருப்பதுதான் வழக்கமான தவறு.
- விலான் எண், எதிர் முனையின் ஐபி அல்லது மேக் முகவரி (ஈதர்நெட் போர்ட்டின் வன்பொருள் எண்). பெட்டியை மாற்றினால் மேக் மாறும். நேராக ஈதர்நெட்டில் ஓட்டும்போது மறுமுனையில் பழைய மேக் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

எல்லாம் பொருந்தியும் எழவில்லை என்றால் பாக்கெட் எந்தத் திசையில் சாகிறது என்று கண்டுபிடியுங்கள். இதற்குப் பெட்டிகளே ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொள்கின்றன. ஒவ்வொரு பாக்கெட்டின் கட்டுப்பாட்டுச் சொல்லிலும் எல் பிட், ஆர் பிட் என்று இரண்டு உண்டு. எல் பிட் வந்தால் "என் ஈ1 பக்கம் கெட்டுவிட்டது" என்கிறது எதிர்ப் பெட்டி. ஆர் பிட் வந்தால் "நீ அனுப்புவது எனக்கு வந்து சேரவில்லை" என்கிறது.

ஆக, எக்ஸ்சேஞ்ச் முனையில் ஆர் பிட் தெரிந்தால், பழுது எக்ஸ்சேஞ்சிலிருந்து பிபிஎக்ஸ் நோக்கிப் போகும் வழியில். பிபிஎக்ஸிலிருந்து வரும் வழி நன்றாக இருக்கிறது. இல்லையென்றால் அந்த ஆர் பிட்டே நமக்கு வந்திருக்காது. அரைப் பாதையை உட்கார்ந்த இடத்திலேயே கழித்துவிடலாம்.

ஏஐஎஸ் அலாரத்தையும் (வரும் வழியில் எங்கோ பழுது என்று பெட்டி அனுப்பும் சிக்னல்) இப்படித்தான் படிக்க வேண்டும். பிபிஎக்ஸ் திரையில் ஏஐஎஸ் வந்தால் உடனே அந்த முனைப் பெட்டியைக் கழற்ற ஓடுகிறார்கள். அந்தப் பெட்டி உயிரோடு இருப்பதால்தான் ஏஐஎஸ் அனுப்புகிறது. அதோடு எல் பிட்டும் வருகிறது என்றால் பழுது எக்ஸ்சேஞ்ச் முனையின் ஈ1 கேபிளில். எல் பிட் இல்லாமல் பாக்கெட்டே வரவில்லை என்றால் பழுது நடு வழியில்.

நடு வழி என்று தெரிந்தால்: சுவிட்ச் ஒவ்வொன்றிலும் அந்த விலான் திறந்திருக்கிறதா, எதிர்முனை மேக் முகவரி சரியான போர்ட்டில் தெரிகிறதா என்று வரிசையாகப் பாருங்கள். ஐபி மேல் ஓடினால் ஃபயர்வாலை மறக்க வேண்டாம். இதே வேலையை வேறு முறையில் செய்யும் டிடிஎம்ஓஐபி பெட்டிகள் யூடிபி 2142-ஐப் பயன்படுத்தும்; சாட்டாப் பெட்டிகளில் போர்ட் எண் நாம் வைப்பதுதான். எந்தச் சுவிட்ச் வரை மேக் தெரிகிறது, எதில் தெரியவில்லை என்று எழுதி நெட்வொர்க் ஆட்களிடம் கொடுத்தால் அவர்கள் தட்டிக் கழிக்க முடியாது.

ஒரு முனை செத்துக் கிடக்கும்போது மறுமுனையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள். செத்த பெட்டியின் மேக் முகவரியைச் சுவிட்ச் வழக்கமாக 300 நொடியில் மறந்துவிடும். அதன்பின் நொடிக்கு 1000 பாக்கெட்டை அந்த விலானில் உள்ள எல்லாப் போர்ட்டுக்கும் வாரி இறைக்கும்.

## அறிகுறி 3: எல்லாம் பச்சை, ஆனால் சீரான இடைவெளியில் ஒரு வெட்டு

ஒரு நாளில் நான் பார்க்கும் புகார்களில் அதிகம் இதுதான். சர்க்யூட் ஓடுகிறது. பேச்சு கேட்கிறது. ஆனால் ஃபேக்ஸ் பாதியில் அறுகிறது, மோடம் நிற்கிறது, அல்லது சில நிமிடத்துக்கு ஒருமுறை பேச்சில் ஒரு "டிக்". "சில சமயம் வருது, சில சமயம் வரல" என்பார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்காருங்கள். இடைவெளி சீராக இருந்தால் கேபிளும் இல்லை, நெட்வொர்க்கும் இல்லை. கிளாக்.

அனுப்பும் முனை நொடிக்கு எத்தனை பிட் அனுப்புகிறதோ, அதே வேகத்தில் பெறும் முனை ஈ1-இல் வெளியே விட வேண்டும். செம்புக் கம்பியில் இந்த வேகம் சிக்னலோடு சேர்ந்தே போய்விடும். ஈதர்நெட்டில் போகாது. அதைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டும். செய்ய மறந்திருக்கிறார்கள் அல்லது இரண்டு முறை செய்திருக்கிறார்கள்.

முதலில் எந்தக் கவுண்டர் ஏறுகிறது என்று பாருங்கள்.

*பெட்டியின் ஜிட்டர் பஃபரில் (வரும் பாக்கெட்டைச் சற்று நிறுத்திச் சீராக விடும் இடம்) வழிவு அல்லது வறட்சி ஏறினால்*, பெட்டி ஈ1-ஐ வெளியே விடும் வேகம் தவறு. இடைவெளியிலிருந்து எவ்வளவு தவறு என்றும் சொல்லிவிடலாம். பஃபர் நடுவிலிருந்து விளிம்பு வரை 4 மில்லி நொடி இருக்கிறது, இரண்டு கிளாக்குக்கும் 10 பிபிஎம் (பத்து லட்சத்தில் 10) வித்தியாசம் என்று வையுங்கள். நொடிக்கு 10 மைக்ரோ நொடி நகரும். 400 நொடியில், அதாவது 6 நிமிடம் 40 நொடியில் விளிம்பைத் தொடும்; பெட்டி பஃபரை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரும்; ஒரு வெட்டு. அப்புறம் மறுபடி 6 நிமிடம் 40 நொடி. ஒருமுறை ஒரு நோட்டில் 10:02, 10:09, 10:15, 10:22 என்று எழுதிக்கொண்டே போனேன். நான்காவது வரிக்குப் பிறகு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

இங்கே பலர் செய்யும் காரியம், பஃபரைப் பெரிதாக்குவது. 4 மில்லி நொடியை 40 ஆக்கினால் 6 நிமிடத்துக்கு ஒருமுறை வந்த வெட்டு 66 நிமிடத்துக்கு ஒருமுறை வரும். புகார் குறைந்ததுபோல் தெரியும். பழுது அப்படியே இருக்கும். கூடவே தாமதமும் எதிரொலியும் வந்து சேரும்.

*பெட்டியில் எதுவும் ஏறவில்லை, பிபிஎக்ஸில் ஸ்லிப் கவுண்டர் ஏறினால்*, பெட்டி நிரபராதி. பிபிஎக்ஸ் லைனிலிருந்து கிளாக் எடுக்காமல் தன் சொந்த கிளாக்கில் ஓடுகிறது. ஒரு ஸ்லிப் என்பது ஒரு ஃபிரேம் தவறுவது அல்லது இரட்டிப்பது; ஒரு ஃபிரேம் 125 மைக்ரோ நொடி. 1 பிபிஎம் வித்தியாசத்துக்கு 125 நொடிக்கு ஒரு ஸ்லிப். 10 பிபிஎம்முக்கு 12.5 நொடிக்கு ஒன்று. ஈ1-க்கு அனுமதித்த எல்லையே 50 பிபிஎம் என்பதால், இரண்டு பக்கமும் எல்லைக்குள்ளேயே இருந்துகொண்டு நொடிக்கு ஒன்றுக்குக் கிட்டத்தட்ட ஸ்லிப் அடிக்க முடியும். பேச்சில் ஒரு ஸ்லிப் காதுக்கே தெரியாது. ஃபேக்ஸ் மன்னிக்காது.

பிறகு கிளாக் அமைப்பைச் சரிசெய்யுங்கள், இந்த வரிசையில்.

எக்ஸ்சேஞ்ச் முனைப் பெட்டி: எக்ஸ்சேஞ்சின் ஈ1-இலிருந்து கிளாக் எடுக்க வேண்டும். இதை லூப் டைமிங் என்பார்கள். பிபிஎக்ஸ் முனைப் பெட்டி: வரும் பாக்கெட்டிலிருந்து கிளாக்கை மீட்க வேண்டும், அதாவது அடாப்டிவ். பிபிஎக்ஸ்: லைனிலிருந்து எடுக்க வேண்டும். கிளாக் எக்ஸ்சேஞ்சில் பிறந்து பிபிஎக்ஸில் முடிய வேண்டும். நடுவில் யாரும் சொந்தமாக அடிக்கக் கூடாது.

தவறுகள் மூன்று மாதிரி வரும். இரண்டு பெட்டியும் இன்டர்னலில், அதாவது சொந்த கிளாக்கில்: இரண்டு கிளாக், நிச்சயம் வெட்டு. இரண்டு பெட்டியும் அடாப்டிவில்: ஒருவர் வாயை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல, யாரும் தலைவர் இல்லை, வேகம் மெல்ல எங்கோ நகர்ந்துகொண்டே போகும், இடைவெளியும் சீராக இருக்காது. மூன்றாவது கொஞ்சம் நுணுக்கம்: பிபிஎக்ஸ் முனைப் பெட்டியை லூப் டைமிங்கில் வைத்திருப்பார்கள், பிபிஎக்ஸும் லைனிலிருந்து எடுத்துக்கொண்டிருக்கும். பெட்டி பிபிஎக்ஸைப் பார்க்கும், பிபிஎக்ஸ் பெட்டியைப் பார்க்கும். அந்த முனை மட்டும் தனித் தீவாகச் சுற்றும்.

இரண்டு பக்கமும் பிபிஎக்ஸ்தான், எக்ஸ்சேஞ்சே இல்லை என்றால் ஏதாவது ஒரு பிபிஎக்ஸைத் தலைவராக்குங்கள். எது நல்ல கிளாக் என்று யோசித்து நேரத்தைப் போக்க வேண்டாம். ஒன்று இருந்தால் போதும்.

மாற்றிய பின் காத்திருங்கள். அடாப்டிவ் கிளாக் பாக்கெட் வரும் வேகத்தைச் சராசரி பார்த்துப் பார்த்துத்தான் நிலைக்கு வரும். அதற்குச் சில நிமிடமும் ஆகலாம், அரை மணியும் ஆகலாம். திரையில் "பிடித்துக்கொண்டிருக்கிறேன்" என்ற நிலையிலிருந்து "பூட்டியது" என்ற நிலைக்கு வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஆரம்பத்தில் ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு, சரியாகவில்லை என்று இன்னொரு செட்டிங்கை மாற்றினேன். மாற்றினாலே அது முதலிலிருந்து ஆரம்பிக்கும். விடிய விடிய இப்படி மாற்றிக்கொண்டிருந்து, முதலில் வைத்த செட்டிங்கே சரி என்று காலையில்தான் தெரிந்தது.

அரை மணி ஆகியும் பூட்டவில்லை, அல்லது பூட்டிப் பூட்டி விடுகிறது: கிளாக் அமைப்பு சரி, நடு வழியில் ஆட்டம் அதிகம். அறிகுறி 4-க்குப் போங்கள். அதையும் சரிசெய்த பின்னும் நிலைக்கவில்லை என்றால் அடாப்டிவ் உங்கள் நெட்வொர்க்குக்குப் போதாது. இரண்டு முனைக்கும் பொதுவான ஒரு கிளாக் வேண்டும்: சிங்க்-ஈ (ஈதர்நெட் சிக்னலோடு கிளாக்கும் போவது), பிடிபி (பாக்கெட்டில் நேரம் அனுப்புவது), அல்லது ஜிபிஎஸ். இது செலவு. சிங்க்-ஈ என்றால் வழியில் உள்ள ஒவ்வொரு சுவிட்சும் அதைத் தெரிந்ததாக இருக்க வேண்டும். ஒரே ஒரு சாதாரண சுவிட்ச் நடுவில் இருந்தாலும் சங்கிலி அங்கேயே அறும். இந்தக் கட்டத்தில் டிரான்ஸ்மிஷன் சிங்க் தெரிந்தவரை அழையுங்கள். கிளாக் அளக்கும் கருவி அவர்களிடம்தான் இருக்கும், நம்மிடம் இருக்காது.

## அறிகுறி 4: வெட்டு வருகிறது, ஆனால் ஒழுங்கே இல்லை

காலை பத்து மணிக்கு மேல் மோசம், இரவில் சுத்தம். அல்லது மழை வந்தால் மட்டும். இடைவெளியில் ஒழுங்கு இல்லை என்பதே நெட்வொர்க் என்று சொல்லிவிடுகிறது. இழந்த பாக்கெட் கவுண்டரும், பஃபர் வறட்சிக் கவுண்டரும்தான் இங்கே பார்க்க வேண்டியவை. இழப்பு ஏறினால் பாக்கெட் வரவே இல்லை. இழப்பு இல்லாமல் வறட்சி மட்டும் ஏறினால் வந்தது, தாமதமாக வந்தது.

டூப்ளெக்ஸ். காசு செலவில்லாத சோதனை, அதனால் முதலில். பெட்டியில் 100 ஃபுல் என்று கட்டாயமாக வைத்து, சுவிட்சில் ஆட்டோ என்று விட்டால், சுவிட்சுக்குப் பதில் பேச ஆள் இல்லாமல் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) இறங்கிவிடும். விளக்கு பச்சையாகவே இருக்கும். சுவிட்சில் லேட் கொலிஷன், பெட்டியில் எஃப்சிஎஸ் பிழை ஏறும். இரண்டையும் ஆட்டோ வையுங்கள், அல்லது இரண்டையும் கட்டாயமாக வையுங்கள்.

அலைவரிசை. "2 மெகா லைன்தானே" என்று 2 மெகாபிட்டுக்கு ரேட் லிமிட் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். கணக்கைப் பாருங்கள். 256 பைட் பேலோடு, கட்டுப்பாட்டுச் சொல் 4, அடையாள எண் 4, விலானோடு ஈதர்நெட் தலைப்பும் வாலும் 22, சேர்ந்து 286. கம்பியில் ஓடும்போது முன்னொட்டும் இடைவெளியும் இன்னும் 20. 306 பைட், நொடிக்கு 1000 முறை: 2.448 மெகாபிட். ஐபி மேல் ஓட்டினால் இன்னும் கூடும். 4 ஈ1-ஐ 10 மெகாபிட் குழாயில் விட்டால் 9.8 மெகாபிட் போய்விடுகிறது. காகிதத்தில் இடம் இருக்கிறது, நடைமுறையில் மூச்சுமுட்டுகிறது. தாமதத்தைக் குறைக்கிறேன் என்று பேலோடை 32 பைட்டுக்கு இறக்கினால் நொடிக்கு 8000 பாக்கெட் ஆகி ஒரே ஈ1 5 மெகாபிட்டுக்கு மேல் தின்னும்.

ரேட் லிமிட்டால் வரும் இழப்பைக் கண்டுபிடிப்பது எளிது. அது பகலென்றும் இரவென்றும் பார்க்காது. ஒரே விகிதத்தில் ஓயாமல் ஏறும்.

முன்னுரிமை. பகலில் மோசம், இரவில் சுத்தம் என்றால் இதுதான். பெட்டி பாக்கெட்டில் 802.1பி முன்னுரிமை 5 அல்லது 6 போட்டு அனுப்பலாம். நடுவில் உள்ள சுவிட்ச் அதை நம்பும்படி அமைக்கவில்லை என்றால் எல்லாம் பூஜ்யம்தான். ஒவ்வொரு சுவிட்சிலும் எந்த வரிசைக்கு எத்தனை பாக்கெட் போனது என்று பாருங்கள். உயர்ந்த வரிசையில் நொடிக்கு 1000 ஏறாவிட்டால் அந்த இடத்தில்தான் மரியாதை போகிறது. வேகம் குறைந்த இணைப்பு நடுவில் இருந்தால் முன்னுரிமை இருந்தும் ஆட்டம் இருக்கும்: 10 மெகாபிட் இணைப்பில் ஒரு முழு அளவு பாக்கெட் புறப்பட்டுவிட்டால் அது முடிய 1.2 மில்லி நொடி ஆகும். அதுவரை ஈ1 பாக்கெட் வாசலில் நிற்கத்தான் வேண்டும். அதற்குத்தான் பஃபர்.

பஃபர். மேலே உள்ளவற்றைச் சரிசெய்த பிறகு மட்டும் இதைத் தொடுங்கள். பெட்டி காட்டும் அதிகபட்ச, குறைந்தபட்ச பஃபர் நிலையைப் பரபரப்பான நேரத்தில் ஒரு மணி நேரம் பார்த்து, அந்த ஊசலாட்டத்தைவிடக் கொஞ்சம் அதிகம் வையுங்கள். ஒரே கட்டடத்துக்குள் 3, 4 மில்லி நொடி போதும்.

மழை. வழியில் மைக்ரோவேவ் ரேடியோ இருக்கிறதா என்று கேளுங்கள். மழையில் ரேடியோ மாடுலேஷனை இறக்கி, லிங்க் அறுகாமல் வேகத்தை மட்டும் குறைத்துக்கொள்ளும். எந்த அலாரமும் வராது. அந்தக் குறைந்த வேகத்திலும் ஈ1 விலானுக்கு முதலிடம் என்று ரேடியோவிலேயே அமைக்க வேண்டும். அது ரேடியோ ஆட்களின் வேலை. எந்த நாள் எந்த மணிக்கு இழப்பு ஏறியது என்ற பட்டியலை மட்டும் அவர்களுக்குக் கொடுங்கள்.

எப்போதாவது ஒருமுறை முழுசாக 30 முதல் 50 நொடி அறுந்து தானாக வந்தால், ஸ்பானிங் ட்ரீ. யாரோ எங்கோ ஒரு கேபிளைப் பிடுங்கியிருக்கிறார்கள், சுவிட்சுகள் பழைய முறையில் பாதையைத் திரும்பக் கணக்குப் போடுகின்றன. பெட்டி இருக்கும் போர்ட்டை எட்ஜ் போர்ட்டாக ஆக்கி, ரேபிட் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 5: பிழை பூஜ்யம், ஆனால் கால் போகவில்லை

பிஆர்ஐ (30 பேச்சு சேனலும் ஒரு சிக்னலிங் சேனலும் கொண்ட ஐஎஸ்டிஎன் லைன்) எழவில்லை. 16-ஆவது டைம்ஸ்லாட்டில் ஓடும் டி சேனல் எழவில்லை என்றால் முதலில் யாராவது லூப் போட்டுவிட்டு எடுக்க மறந்தார்களா என்று பாருங்கள். லூப் இருக்கும் லைன் பார்க்க மிக அழகாக இருக்கும்: எல்லா விளக்கும் பச்சை, ஒரு பிழை கிடையாது. பிபிஎக்ஸ் தான் அனுப்பியதையே திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கும். டிரேஸ் எடுத்தால் போகும் சேதியும் வரும் சேதியும் அச்சு மாறாமல் ஒன்றாக இருக்கும். ஒரு சோதனைக்காக நானே போட்ட லூப்பை மறந்து, இரண்டு நாள் கழித்து அதே லைனுக்கு என்னையே அனுப்பினார்கள். அன்றிலிருந்து லூப் போட்டால் நேர வரம்போடுதான் போடுகிறேன். அந்த வசதி பெரும்பாலான பெட்டிகளில் உண்டு.

லூப் இல்லை என்றால் ஒரு முனை நெட்வொர்க், மறுமுனை யூசர் என்று இருக்கிறதா பாருங்கள். அது பிபிஎக்ஸ் செட்டிங், பெட்டிக்குத் தொடர்பில்லை.

சிஆர்சி-4 (ஈ1 ஃபிரேமில் பிழை கண்டுபிடிக்கும் முறை). சாட்டாப்பில் பெட்டி ஃபிரேமையே பார்ப்பதில்லை. எக்ஸ்சேஞ்சும் பிபிஎக்ஸும் தங்களுக்குள் ஒத்துப்போனால் போதும். செசோபிஎஸ்என்னில் பெட்டி ஃபிரேமைப் பிரித்துக் கட்டுகிறது. அதனால் எக்ஸ்சேஞ்சுக்கும் பெட்டிக்கும் ஒரு முறை, பெட்டிக்கும் பிபிஎக்ஸுக்கும் ஒரு முறை என இரண்டு இடத்தில் பொருந்த வேண்டும்.

மணி அடிக்கிறது, எடுத்தால் சத்தம் இல்லை, அல்லது வேறு யாரோ பேசுகிறார்கள். செசோபிஎஸ்என்னில் டைம்ஸ்லாட் பட்டியல் இரண்டு முனையிலும் ஒன்றாக இல்லை. 1 முதல் 15, 17 முதல் 31 என்று இருக்க வேண்டிய இடத்தில் ஒருவர் 1 முதல் 30 என்று போட்டிருப்பார். 15 வரை சரியாக வரும், அதற்கு மேல் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும். காஸ் சிக்னலிங் (ஒவ்வொரு சேனலுக்கும் தனித்தனி சிக்னல் பிட் அனுப்பும் முறை) என்றால் அதையும் சுமக்கும்படி பெட்டியில் தனியாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பேச்சு போகும், டயல் போகாது.

முழு 30 சேனலும் வேண்டும், அலைவரிசையும் இருக்கிறது என்றால் என் யோசனை சாட்டாப்புக்கே மாறிவிடுங்கள் என்பதுதான். செசோபிஎஸ்என் மிச்சப்படுத்துவது பாதி சேனல் காலியாக இருக்கும்போதுதான்.

## அறிகுறி 6: பேச்சில் எதிரொலி

பெட்டி எதிரொலியை உண்டாக்குவதில்லை; முன்பே இருந்ததைக் காதுக்கு எட்டவைக்கிறது. ஒரு வழித் தாமதம் 25 மில்லி நொடியைத் தாண்டினால் எக்கோ கேன்சலர் வேண்டும். பாக்கெட் நிரப்ப 1 மில்லி நொடி, பஃபரில் 4, சுவிட்சுகளில் கொஞ்சம். இப்படி இருக்கும் லைனில் எதிரொலி வர வாய்ப்பே இல்லை. வந்தால் யாரோ பஃபரை 40, 60 என்று ஏற்றியிருக்கிறார்கள். ஏன் ஏற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் பெரும்பாலும் அறிகுறி 3-இல் இருக்கும்.

## அறிகுறி 7: கரண்ட் போய் வந்தபின் லைன் வரவில்லை

கன்ஃபிகரேஷனை ஓடவைத்துவிட்டு நினைவகத்தில் சேமிக்காமல் போயிருக்கிறார்கள். முதலில் எடுத்து வைத்த பிரதியை ஏற்றுங்கள், இந்த முறை சேமியுங்கள்.

பிரதியும் சரி, பெட்டியே எழவில்லை என்றால் மின் இணைப்பு. மைனஸ் 48 வோல்ட்டில் ஓடும் பெட்டிக்கு நேர்முனைதான் எர்த்தோடு சேரும். புதிதாக வந்தவர்கள் பழக்க தோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். மல்டிமீட்டரில் பெட்டியின் முனையிலேயே அளந்து பாருங்கள், ரெக்டிஃபையரில் அல்ல. வோல்ட் சரியாக வந்தும் விளக்கு எரியவில்லை என்றால் மூடியைத் திறக்க வேண்டாம். உதிரிப் பெட்டியை மாட்டி, பிரதியை ஏற்றி, நேராக ஈதர்நெட்டில் ஓடும் லைன் என்றால் மறுமுனையில் புது மேக் முகவரியைப் போட்டுவிட்டு, அடாப்டிவ் பூட்டும் வரை உட்காருங்கள்.